பக்ஹார்ன் ஓடையின் ஒற்றைச் சேவல்

ஹாலிஸ் டாக்கெட்டுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் அவன் உட்கார்ந்திருக்கும் பெஞ்சு முழுக்க அதிரும். அந்த வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் மனைவி நோரீன் அவன் தொடையில் கையை வைத்து அழுத்துவாள். மலைச் சாலைகளில் வீடு வீடாக, கணப்புக்கான கேஸ் லாரி ஓட்டும் வேலை அவனுக்கு வாய்த்தது எல்லாருக்கும் நல்லதாகப் போயிற்று. குளிர்காலம் முழுக்க ஓட்டம்தான். ஏப்ரலில் குளிர் விட்டதும் கேஸ் வாங்க ஆளிருக்காது. அப்போது மூன்று வாரம் லீவு போட்டுவிட்டுக் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போவான்.

வான்கோழி வேட்டையோ அசையாமல் உட்காருகிறவனுக்கு உரியது. மரத்தில் முதுகைச் சாய்த்து, உடம்பெல்லாம் இலை நிற உடையில், முகத்துக்கும் வலை போட்டுக்கொண்டு, சிலேட்டில் குச்சியை உரசிப் பெட்டையின் குரலை எழுப்ப வேண்டும். பெட்டையைத் தேடிச் சேவல் வரும்வரை கண் இமையைத் தவிர வேறெதுவும் அசையக் கூடாது. இத்தனை வருஷமாக ஹாலிஸ் இந்தச் சட்டத்தை மீறித்தான் வேட்டையாடி வந்தான். அந்தக் காலத்தில் அது செல்லுபடியானது. ஒரு முகட்டில் சேவல் முரண்டு பிடித்தால் அடுத்த முகட்டுக்கு ஓடுவான். அங்கே இரண்டு கூவிக்கொண்டிருக்கும். அவையும் ஓடிப்போனால் பள்ளத்தில் இறங்குவான். அங்கே ஒரு இளசு தானாக வந்து நிற்கும். ஓசார்க் மலையில் ஏப்ரல் விடியல் என்றால் காடே கொடகொடவென்று அதிர்ந்த காலம் அது.

நாலு வசந்தமாக அவன் ஒன்றும் சுடவில்லை. போன வசந்தத்தில் கூவலே கேட்கவில்லை.

இந்த முறை சீசன் தொடங்கிய திங்கட்கிழமை, நட்சத்திரம் மறைவதற்கு முன்பே லோன் பைன் முகட்டில் போய் நின்றான். ராத்திரி முழுக்கக் கத்திய பக்கிக் குருவிகள் ஓய்ந்தன. கிழக்கே சாம்பல் நிறம் பரவியது. கையைக் குவித்து ஆந்தை மாதிரி அலறினான். ஆந்தை அலறினால் மரத்தில் அடைந்திருக்கும் சேவலுக்கு ரோஷம் வந்து பதிலுக்குக் கூவிவிடும். பதிலுக்கு வந்தது நிஜ ஆந்தை ஒன்றின் குரல்தான். மறுபடி அலறினான். ஒரு காகம் திட்டியது. டாக்வுட் மரங்கள் வெள்ளை வெளேரென்று பூத்து நின்றன, கேட்பதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல.

அடுத்த முகட்டுக்குப் போனான். அதற்கடுத்ததுக்கும் போனான். பத்து மணிக்குள் அவன் வேர்வையில் நனைந்து, காலுறைக்குள் உண்ணிகள் ஏறி, எந்த மரத்தடியிலும் ஒரு காபி குடிக்கும் நேரம்கூட உட்காராமல் மலையையே சுற்றி வந்திருந்தான். சேவல் மண்ணைக் கிளறிய தடம் இல்லை. ஒரு இறகுகூட இல்லை.

ஊரில் எல்லாரும் கூடும் இடம் தீவனக் கடை. அங்கே பின்பக்கம் காபிப் பானையைச் சுற்றி நாலைந்து பேர் இலை நிற உடையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். யார் முகத்திலும் களை இல்லை.

"எல்லாம் ரக்கூன் பண்ற வேலைப்பா," என்றான் ஆல்வின் க்ரைடர். அவனும் ஹாலிஸும் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர்கள், அதே நாளிலிருந்து போட்டியாளர்கள். "முன்னாடி தோலுக்கு வெலை இருந்துச்சு, ஆளுக்கு ஆள் கண்ணி வெச்சோம். இப்ப எவன் வெக்கிறான்? முட்டைய பூரா அது குடிச்சுட்டுக் கொழுத்துக் கெடக்கு."

"மழைதான் காரணம்," என்றார் கடைக்காரர். "குஞ்சு பொரிக்கிற நேரம் பாத்து ஊத்துது. நனைஞ்ச குஞ்சு எங்க பொழைக்கும்?"

"வயல்ல கொட்டுறாங்களே பண்ணைக்கோழி எரு, அதுல நோய் இருக்குன்னு என் மச்சான் சொல்றான்," என்றான் இன்னொருவன்.

"உன் மச்சான் சந்திரனுக்கு யாரும் போகலன்னும் சொல்வான்."

சிரித்தார்கள். ஹாலிஸ் மட்டும் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் காபிப் பானைக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தான்.

அப்போதுதான் வெர்னா உள்ளே வந்தாள். அவன் அக்கா. ஐந்து வயது மூத்தவள். இருபது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். இப்போது வனவிலங்குத் துறையின் வான்கோழி ஆராய்ச்சியில் வேலை. குளிர்காலத்தில் வலை வீசிப் பெட்டைகளைப் பிடித்து, முதுகில் சின்ன ரேடியோ கட்டி விட்டிருந்தார்கள். எந்தப் பெட்டை எங்கே கூடு கட்டுகிறது, எது செத்தது, ஏன் செத்தது என்று ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு காடெல்லாம் அலைவதுதான் அவள் பாடு.

"வந்துட்டாங்கப்பா கவர்மென்ட் கோழிக்காரி," என்றான் ஆல்வின். "வெர்னா, உன் பெட்டைங்க எங்க மேயுது? ஒரு வார்த்தை சொல்லேன். பெட்டை இருக்கற எடத்துல மாப்பிள்ளையும் இருப்பான்ல."

"உன் வீட்டுக் கூரைமேல மேயுது, ஆல்வின். நீ தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள எறங்கிப் போயிடுது."

மறுபடி சிரிப்பு. அவள் நாய்த் தீவன மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். ஹாலிஸ் பின்னாலேயே போனான்.

"அக்கா."

"முடியாது."

"நான் இன்னும் கேக்கவே இல்லயே."

"உன் மூஞ்சி கேக்குது. நான் கடைக்குள்ள வந்ததுலேருந்து கேக்குது." மூட்டையை வண்டியில் போட்டாள். "ஹாலிஸ், சொன்னா என் வேலை போயிடும். அது போனாலும் பரவால்லன்னு வையி. உனக்குச் சொல்லிட்டு நாளைக்கு ஆல்வினுக்குச் சொல்லலன்னா அது என்ன நியாயம்?"

"நான் உன் தம்பி."

"அதனாலதான் இவ்ளோ நேரம் நின்னு பேசிக்கிட்டிருக்கேன்."

"நாலு வருஷமாச்சுக்கா. ஒண்ணே ஒண்ணு கூவுறதக் கேட்டாப் போதும். சுடக்கூட வேணாம்."

வெர்னா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பொய். கேட்டா உன்னால சும்மா இருக்க முடியுமா? சின்ன வயசுலயே மீன் கடிக்குதான்னு தூண்டில நிமிஷத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாக்கற ஆளு நீ. போ, வீட்டுக்குப் போயித் தூங்கு. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு."

அவன் தூங்கவில்லை. சாயந்தரம் நோரீன் அவித்த மொச்சையும் சோள ரொட்டியும் வைத்தாள். மேஜையில் தண்ணீர் தம்ளர்கள் நடுங்கின.

"காலை ஆட்டாத."

"ஆட்டல."

"தம்ளர் தானா ஆடுதா?" அவள் தன் தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஹாலிஸ், காட்டுல கோழி இல்லன்னா இல்ல. அதுக்கு நீ என்ன பண்ணுவ? மீன் பிடி. வேலிய சரி பண்ணு. காளான் பொறுக்கிட்டு வா, வறுத்துத் தரேன்."

அவன் தலையை ஆட்டினான். அவன் மனசு அக்காளின் வண்டியில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்கு வேட்டை நேரம் முடிந்ததும், தபால் நிலையத்துக்கு எதிரே வண்டியை நிறுத்திக் காத்திருந்தான். வேட்டை சீசனில் துறை ஆட்கள் காலையில் காட்டுக்குள் போகக் கூடாது. ஒரு மணிக்கு மேல்தான் கிளம்ப வேண்டும். அதுவும் ஆரஞ்சு நிற மேலங்கி போட்டுக்கொண்டு. அது அவர்கள் சட்டம். வெர்னாவின் பச்சை வண்டி கடந்து போனது. எப்போதும் ஒரு வளைவு இடைவெளி விட்டுப் பின்தொடர்ந்தான். சரளைக் கல் சாலையில் அவள் கிளப்பிய தூசியே அவனுக்கு வழி காட்டியது. பக்ஹார்ன் ஓடைப் பாலம் தாண்டி, பழைய மடாக்ஸ் வீடு இருந்த மேட்டுக்குக் கீழே வண்டி நின்றது. அரசாங்கக் காடு, யார் வேண்டுமானாலும் வேட்டையாடலாம். ஆனால் இவ்வளவு தூரம் யாரும் வருவதில்லை.

மரங்களுக்கு இடையில் அவளைப் பார்த்தான். ஆன்டெனாவைத் தலைக்கு மேல் பிடித்து மெதுவாகத் திரும்பினாள். நின்றாள். கீழே ஓடைப்பக்கம் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். அந்தத் திசையை ஹாலிஸ் மனசில் குறித்துக்கொண்டான். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் வீடு போய்ச் சேர்வதற்குள் காணாமல் போயிற்று.

புதன்கிழமை விடிவதற்கு முன் அவன் அங்கே இருந்தான்.

ஆந்தை மாதிரி அலறத் தேவையே இருக்கவில்லை. வெளிச்சம் வந்ததும் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஓக் மரத்தின் உச்சியிலிருந்து அது கூவியது. கொடகொடகொடவென்று, தகரக் கூரையில் கல் உருட்டிவிட்ட மாதிரி. ஹாலிஸ் எடுத்து வைத்த காலை அப்படியே நிறுத்தினான். வாயைப் பொத்திக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்பத்தொன்பது வயது ஆளுக்கு.

ஒரு வெள்ளை ஓக் மரத்தடியில் இருக்கை மெத்தையைப் போட்டு உட்கார்ந்தான். துப்பாக்கியை முழங்கால்மேல் வைத்தான். சிலேட்டை மெதுவாக உரசினான். க்யவ், க்யவ். சேவல் பதில் சொன்னது. இறக்கை அடித்து அது மரத்தைவிட்டு இறங்கும் சத்தமும் கேட்டது. மறுபடி உரசினான். மறுபடி பதில். இன்னும் கிட்டத்தில்.

அப்புறம் ஒன்றுமில்லை.

இப்படித்தான் நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். வயசான சேவல் பாதி தூரம் வந்து நின்றுவிடும். தோகையை விரித்து, இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு, பெட்டை தன்னிடம் வரட்டும் என்று பிகு பண்ணும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், உட்கார்ந்திருப்பது. ஹாலிஸ் உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேல் மரங்கொத்தி தட்டியது. எறும்பு ஒன்று மணிக்கட்டில் ஏறியது. கால் ஆடத் தொடங்கியது. கையால் அழுத்திப் பிடித்தான். போயிருக்குமோ? நிஜப் பெட்டையோடு போயிருக்குமோ? ஓடையைத் தாண்டாதோ? இந்த மலையிலேயே கடைசி ஒன்றாக இருந்துவிட்டால்?

சிலேட்டையும் மெத்தையையும் அங்கேயே விட்டுவிட்டுத் துப்பாக்கியோடு தவழ்ந்தான்.

வான்கோழி வேட்டை கற்றுக்கொள்ளப் போகிற எவனுக்கும் முதல் நாளே சொல்லித்தருவது இது: சத்தத்தை நோக்கித் தவழ்ந்து போகாதே, அந்தச் சத்தம் இன்னொரு மனிதனாக இருக்கலாம். ஹாலிஸே பலருக்குச் சொல்லியிருக்கிறான். அந்த நேரத்தில் அது அவன் தலையில் எங்கேயும் இல்லை. ஈரச் சருகில் முழங்கை புதைய, சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் பின்னால் போய்ச் சேர்ந்தான். ஓடைக்கு இறங்கும் சரிவில் புதர் அசைந்தது. சருகு மிதிபட்டது. மிதி, நிறுத்தம். மிதி, மிதி, நிறுத்தம். வான்கோழி நடக்கிற நடை அது.

இலைகளுக்கு நடுவே முதலில் வெள்ளை தெரிந்தது. அதற்குக் கீழே நீலம். அதற்கும் கீழே சிவப்பு. பெட்டையைத் தேடி வரும் சேவலின் தலை அந்த மூன்று நிறமாகத்தான் இருக்கும்.

துப்பாக்கியை மரத்தின்மேல் வைத்தான். விசையைப் பூட்டி வைக்கும் சேஃப்டியைத் தள்ளினான். க்ளிக் சத்தம் வராமல் கட்டைவிரலால் அமுக்கித் தள்ளும் பழக்கம் அவனுக்கு உண்டு. விரல் விசைக்குப் போயிற்று. வெள்ளை கொஞ்சம் தாழ்ந்தது, மேய்வது மாதிரி. நெஞ்சில் தொங்கும் தாடியைப் பார்க்காமல் சுடக் கூடாது. வசந்தத்தில் தாடி உள்ளதைத்தான் சுடலாம். தாடியைப் பார்ப்பதற்காகத் தலையை ஒரு விரற்கடை நகர்த்தினான்.

டிக்டிக்டிக்டிக்டிக்.

அந்தச் சத்தம் எந்தப் பறவையுடையதும் இல்லை. வெர்னாவின் இடுப்பில் தொங்கும் பெட்டியின் சத்தம். போன மாதம் அவள் சமையலறையில் அதை அவனுக்குப் போட்டுக் காட்டியிருந்தாள். பெட்டை உயிரோடு இருந்தால் மெதுவாக அடிக்கும். ரொம்ப நேரம் அசையாமல் கிடந்தால் வேகமாக அடிக்கும்.

வெள்ளை நிமிர்ந்தது. அது துணித்தொப்பி. நீலம் சட்டைக் காலர். சிவப்பு கழுத்தில் கட்டிய கைக்குட்டை. நடுவில் அவன் அக்காளின் முகம், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

ஹாலிஸ் விசையிலிருந்து விரலை எடுத்தான். எடுத்தது அவனுக்கு நினைவில்லை. பிற்பாடு பல தடவை யோசித்தும் அந்த இடம் மட்டும் வெறுமையாகத்தான் இருந்தது. துப்பாக்கியைச் சருகில் கிடத்தி, அதன் பக்கத்திலேயே குப்புறப் படுத்து, மண்ணை மூக்கால் முகர்ந்தான். அவனுக்குப் பின்னால், அவன் விட்டு வந்த வெள்ளை ஓக் மரத்தடியில், ஏதோ 'பட்' என்று எச்சரித்தது. திரும்பிப் பார்த்தான். அவனுடைய மெத்தைக்குப் பக்கத்தில் சேவல் நின்றிருந்தது, வெண்கலமாக, சின்னக் குதிரைக்குட்டி உயரத்துக்கு. பார்த்த அடுத்த நொடி அது எழும்பி, கிளைகளை முறித்துக்கொண்டு, இரண்டு பேர் தலைக்கும் மேலாக ஓடையைத் தாண்டிப் பறந்துவிட்டது.

"யாரது?" வெர்னா கத்தினாள்.

"நான்தான்." கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். மறுபடி சொன்னான். "நான்தான்க்கா."

அவள் மேலேறி வந்தாள். "என் பின்னாடியே வந்தியா? நேத்து அந்தத் தூசிக்குப் பின்னால நீதானா?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "அசிங்கமா இல்லடா உனக்கு? போலீஸ் நாய் மாதிரி! இப்ப கத்தறதுக்கு நேரமில்ல. கீழ ஒரு பெட்டை செத்துக் கெடக்கு. ரோட்டுலேருந்தே பெட்டி வேகமா அடிச்சுது, ராத்திரியே செத்திருக்கணும். மத்யானம்வரைக்கும் விட்டா கழுகு வந்து தின்னுடும், எது கொன்னுச்சுன்னே தெரியாமப் போயிடும். அதான் சட்டத்த மீறி வந்தேன். மேலங்கிய வண்டியிலயே வெச்சுட்டேன் அவசரத்துல. வா, இந்தப் பையப் பிடி."

அவன் துப்பாக்கியிலிருந்து குண்டுகளை எடுத்தான். ஒன்று கையிலிருந்து நழுவி விழுந்தது.

பெட்டை ஒரு விழுந்த கிளைக்கு அடியில் கூட்டிலேயே கிடந்தது. தலை இல்லை. சுற்றிலும் இறகு. அதன் வயிற்றுக்குக் கீழே முட்டைகள், இளமஞ்சளில் பழுப்புப் புள்ளிகளோடு, சிலது உடைந்து, மற்றவை முழுசாக. வெர்னா முழங்காலிட்டு முட்டை ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆந்தை," என்றாள். "தலைய மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கு." ரேடியோவின் வாரை அறுத்தாள். அவன் பையைத் திறந்து பிடித்தான்.

"ஏன்டா கை இப்படி நடுங்குது?"

"காபி ஜாஸ்தியாப் போச்சு."

அவள் நம்பிவிட்டாள். அவனுக்கு அதுதான் தாங்கவில்லை.

வியாழக்கிழமை அவன் வேட்டைக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமையும் போகவில்லை. துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து மாட்டினான்; மறுபடி கழற்றினான். காலையில் எழுந்து உடைகூட மாற்றாமல் வண்டியை எடுத்துக்கொண்டு, யாருக்கும் கேஸ் தேவைப்படாத சாலைகளில் ஓட்டினான். ஓட்டும்போது இலைகளுக்கு நடுவே அந்த வெள்ளை தாழ்ந்து நிமிரும். வண்டியை ஓரம் கட்டி இறங்கி நிற்பான். கொஞ்ச நேரம் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி ஏறுவான்.

"உடம்பு சரியில்லயா?" என்று நோரீன் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கேன்."

"சீசன் நடுவுல நீ வீட்டுல இருக்க. கல்யாணத்தப்பகூட நீ வீட்டுல இல்ல. டாக்டரக் கூப்பிடட்டா?"

அவளிடம் சொல்ல வாயெடுத்தான். நோரீனும் வெர்னாவும் ஞாயிறு தவறாமல் ஒன்றாக உட்கார்ந்து சீட்டாடுகிறவர்கள். வாயை மூடிக்கொண்டான்.

சனிக்கிழமை தீவனக் கடையில் ஆல்வின் அவன் காதருகே குனிந்தான். "உனக்கு மட்டும் சொல்றேன். பக்ஹார்ன் பக்கம் ஒண்ணு கூவுதாம். தபால்காரன் கேட்டிருக்கான். திங்கட்கிழமை போறேன். தவழ்ந்தாவது புடிச்சுடுவேன் பாரு."

ஹாலிஸ் கையிலிருந்த காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினான்.

வெர்னா வீட்டு வாசலில் வண்டியின் பின்கதவைத் திறந்துபோட்டு அதன்மேல் உட்கார்ந்து ஆன்டெனாவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவன் வந்தும் தலையைத் தூக்கவில்லை. பின்தொடர்ந்த கோபம் இன்னும் போகவில்லை.

"அக்கா, திங்கக்கெழமை ஆல்வின் பக்ஹார்ன் போறான். காலைல நீ அங்க போகாத. எது செத்தாலும் போகாத. எப்பவும் அந்த மேலங்கியப் போட்டுக்கோ."

"எனக்குத் தெரியாதா? நீ சொல்லித்தான் தெரியணுமா?"

"அந்த வெள்ளைத் தொப்பியத் தூக்கிப் போடு."

அவள் கை நின்றது. "தொப்பியா? ஏன்?"

அவன் சொன்னான். நின்றபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல், வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். வெள்ளை, நீலம், சிவப்பு. தவழ்ந்தது. பெட்டியின் சத்தம்.

வெர்னா ஆன்டெனாவைக் கீழே வைத்தாள்.

"சேஃப்டி?"

"எடுத்துட்டேன்."

"விரல்?"

"உள்ள இருந்துச்சு."

அவள் இறங்கி வந்து அவன் தோளில் ஒரு குத்து விட்டாள். பேருந்து ஓட்டிய கை. அவன் ஒரு அடி பின்னால் போனான். இன்னொரு குத்து விட்டாள். பிறகு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள், அடிக்கிறாளா கட்டிக்கொள்கிறாளா என்று தெரியாதபடி.

"மூணு நாளா இத வெச்சுக்கிட்டு அலைஞ்சியா?"

"ம்."

"நானும் சட்டப்படி நடக்கல, எனக்குத் தெரியும். ஆனா நீ தவழ்ந்திருக்கடா. ஒரு கோழிக்காக." சட்டையை விட்டாள். "நோரீனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீயே சொல்லு. சீசன் முடியறதுக்குள்ள. இல்லன்னா நான் சொல்லுவேன். இப்பப் போ."

திங்கட்கிழமை ஆல்வின் வெறுங்கையோடு வந்தான். சேவல் கூவியதாம், வரவில்லையாம். ஹாலிஸுக்கு நிம்மதியாக இருந்ததா, பொறாமையாக இருந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க வெர்னா அவனோடு பேசவில்லை. ஞாயிறு சீட்டாட வந்தபோதும் நோரீனோடு மட்டும் பேசிவிட்டுப் போனாள்.

சீசனின் கடைசி நாளான சனிக்கிழமை, இருட்டு விலகுவதற்கு முன்னால் ஹாலிஸின் வீட்டு முன் பச்சை வண்டி வந்து நின்றது. ஹாலிஸ் விழித்துத்தான் கிடந்தான். வெளியே வந்தான்.

"துப்பாக்கிய எடுத்துக்கிட்டு வா," என்றாள் வெர்னா. மேலங்கி இல்லை, இலை நிற உடை போட்டிருந்தாள். "இன்னைக்கு எனக்கு லீவு. பக்ஹார்ன்ல இருந்த என்னோட பெட்டை செத்தாச்சு, அங்க இனிமே காப்பாத்தறதுக்கு ரகசியம் ஒண்ணும் இல்ல. ஊருக்கே தெரிஞ்சு போச்சு."

"நான் போகல அக்கா. என்னால முடியாது."

"முடியாதுன்னு வீட்டுல உக்காந்தா அடுத்த வருஷமும் முடியாது. நான் உன்கூட இருக்கேன். வா."

அதே வெள்ளை ஓக் மரத்துக்கு அவன் போக மாட்டேன் என்றான். வேறொரு மரத்தடியில் இருவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். வெர்னா அவன் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள், நாய்க்குட்டியைப் பிடிப்பதுபோல. விடிந்தது. சேவல் கூவவில்லை. ஹாலிஸ் ஒரு தடவை சிலேட்டை உரசிவிட்டு வைத்தான். கால் ஆடத் தொடங்கியதும் காலர் இறுகியது. பசி வந்தது. கழுத்தில் உண்ணி ஊர்ந்தது. இடம் மாறலாமா என்று திரும்பினான், காலர் இறுகியது. சூரியன் மரங்களுக்கு மேல் வந்து, இலைகளெல்லாம் இரண்டே வாரத்தில் பெரிதாகிவிட்டிருந்த காட்டை வெளிச்சமாக்கியது.

பதினொரு மணி தாண்டி, ஒரு சத்தமும் போடாமல் அது வந்தது. அந்த இடத்தில் முதலில் ஒன்றுமில்லை, பிறகு சேவல் இருந்தது. தலை வெள்ளை, முகம் நீலம், கழுத்து சிவப்பு. தாடி தரையைத் தொட்டது. காலில் வளைந்த முள். சுடுகிற தூரத்துக்கும் கிட்டத்தில், தன் கூட்டத்தையெல்லாம் எங்கே விட்டோம் என்று தேடுவதுபோல் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

ஹாலிஸ் துப்பாக்கியை உயர்த்தினான். தாடியைப் பார்த்தான். பார்த்த பிறகு மறுபடி தலையைப் பார்த்தான். பிறகு காலை. அது நடக்கிறதா, கொத்துகிறதா, இறகு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். மறுபடி தாடியைப் பார்த்தான். சேஃப்டியில் கட்டைவிரல் அப்படியே இருந்தது. சேவல் ஒரு சீடார் புதருக்குப் பின்னால் போயிற்று. அந்தப் பக்கம் வெளியே வரவில்லை.

காலர் விடுபட்டது.

"ஏன்டா சுடல?" வெர்னா கிசுகிசுத்தாள்.

"பாத்துக்கிட்டிருந்தேன்."

"என்னத்த?"

"அது கோழிதானான்னு."

வெர்னாவின் வயிறு குலுங்குவது அவன் முதுகில் தெரிந்தது. சத்தமில்லாமல் தொடங்கி, அடக்க முடியாமல், வாய்விட்டுச் சிரித்தாள். மலை முழுக்கக் கேட்டிருக்கும். அவனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் துப்பாக்கியைக் கீழே வைத்தபோது கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில் அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். ரேடியோ கட்டிய பெட்டைகளில் பாதிக்குமேல் போய்விட்டன. இரண்டு மட்டும் இன்னும் அடைகாக்கின்றன. எங்கே என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. மாவட்டத்தில் இந்த வருஷம் சுட்ட கணக்கு போன வருஷத்தைவிடக் கம்மி என்றாள். ஒரு சேவல் தப்பியதால் அடுத்த வருஷம் காடு நிறைந்துவிடும் என்று நினைக்காதே என்றும் சொன்னாள். "பெட்டையும் குஞ்சும்தான் வேணும். உன் சேவல் தனியா நின்னு கூவி என்ன பண்ணும்?"

வீட்டு முன் இறக்கிவிட்டபோது வண்டியை அணைக்கவில்லை.

"இன்னைக்கோட சீசன் முடியுது," என்றாள்.

"தெரியும்."

சமையலறையில் நோரீன் பொறுக்கி வந்த காளான்களை மாவில் புரட்டி வறுத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் சடசடத்தது. வெறுங்கையோடு வந்தவனைப் பார்த்து, "பரவால்ல விடு," என்றாள்.

"நோரீன், கொஞ்சம் உக்காரு. ஒண்ணு சொல்லணும்."

"நீ உக்காரு முதல்ல. நீ உக்காந்து நான் பாத்ததே இல்ல."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். சொன்னான். இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தான், இல்லை. வெள்ளைத் தொப்பி என்று சொல்லும்போது நோரீன் அடுப்பை அணைத்தாள். அவன் சொல்லி முடித்ததும் மாவு படிந்த கையைத் துணியில் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக. அவனைத் தொடவும் இல்லை, திட்டவும் இல்லை. போனை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முற்றத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டே பேசுவது தெரிந்தது. "வெர்னா" என்ற பெயர் மட்டும் காதில் விழுந்தது. ஒரு சமயம் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி நடந்தாள். சட்டியில் காளான்கள் எண்ணெய் இறங்கித் துவண்டன. எழுந்து வெளியே போக வேண்டும் என்று அவன் உடம்பு முழுக்கத் துடித்தது. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவள் பேசி முடிக்கும்வரை அந்த நாற்காலியிலேயே இருந்தான்.